ஞாபகமற்ற வலையும் குக்கியும் – ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும் சாதனங்களையே எடுத்துக்கொள்வர். நீராவி எந்திரம், தந்தி, வானொலி என்பன பற்றிய நூல்கள் பல உள. பாவனையாளரின் கண்ணுக்கு எளிதில் தென்படாததும் நாலாயிரம் எழுத்துகளுக்குச் சற்றே மேற்பட்ட உச்ச அளவினதுமான ஒரு சிறு குறிப்பு, ஐரோப்பியச் சட்டமன்றங்களையும் அமெரிக்க நீதிமன்றங்களையும் உலகின் மிகப் பெரிய விளம்பர வணிகத்தையும் முப்பது ஆண்டுகளாக அலைக்கழித்து வந்துள்ளமை அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. இணைய உலாவிகளிற் 'குக்கி' என வழங்கும் அக்குறிப்பின் தோற்றத்தையும், வழங்கிகளிற் செய்நிரல் எழுதுவோர் கையில் அது அடைந்த மாற்றங்களையும், அதனால் எழுந்த பிணக்கினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குக்கியைப் பற்றி இன்று பேசுவோர் பலர் அதனை ஓர் ஒற்றனாகவே கருதுகின்றனர். அக்கருத்து முற்றிலும் தவறன்று. ஆயினும் வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, குக்கியை ஒற்றனாக்கியது அதன் அமைப்பு மாத்திரமன்று, உலாவிகளில் அதனை எந்நிலையில் விட்டுவைப்பது என்பது பற்றிய ஒரு தீர்மானமே என்பது புலனாகும்.

முதலில் அதற்கான தேவை எவ்வாறு எழுந்தது என்பதனைக் காண்போம். ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989 மார்ச்சில் முன்வைத்த திட்டத்திலிருந்து உலகளாவிய வலை உருவாயிற்று. பௌதிகவியல் ஆய்வாளர்கள் தமது ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதே அதன் தொடக்க நோக்கம். ஆவணமொன்றை வேண்டுபவர் உலாவி மூலம் வேண்டுகோளை அனுப்புவார்; ஆவணத்தை வைத்திருக்கும் வழங்கி விடையை அனுப்பும்; அத்துடன் தொடர்பு முடிந்துவிடும். அடுத்த வேண்டுகோள் அதே மனிதரிடமிருந்து அடுத்த கணத்திலேயே வந்தாலும், வழங்கிக்கு அவர் புதியவரே. இதனைக் கணினியியலாளர் 'நிலை பேணாமை' என்பர். இஃது ஒரு குறைபாடன்று. அறிந்தே செய்யப்பட்ட அமைப்பு. எவரையும் நினைவில் வைத்திருக்க வேண்டாமையாற்றான் ஒரு சிறு கணினிகூடப் பெருந்தொகையானோருக்கு விடையளிக்க முடிந்தது. நூலகத்தில் நூலை எடுத்துக் கொடுப்பவருக்கு, எதிரே நிற்பவர் நேற்று எதனை வாசித்தார் என்ற செய்தி தேவையில்லை.

கடைக்காரருக்கோ அச்செய்தி இன்றியமையாதது. 1993இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசெயிக் என்னும் உலாவி வலையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. அதன் ஆக்குநர்களுள் ஒருவரான மார்க் அன்றீசன், ஜிம் கிளாக் என்பாருடன் இணைந்து 1994 ஏப்பிரலில் ஒரு கம்பனியை நிறுவினார். அதுவே பின்னர் நெற்ஸ்கேப் எனப் பெயர் பெற்றது. இவ்வாண்டில் வலை நூலக நிலையிலிருந்து கடைத்தெரு நிலைக்குத் திரும்பத் தொடங்கியதெனலாம். ஒரு பொருளைத் தெரிந்து கூடையில் இட்டவர் அடுத்த பக்கத்துக்குச் சென்றவுடன், அக்கூடை யாருடையது என்பதனை வழங்கி மறந்துவிடும். மறதியுள்ள முதலாளியிடம் வணிகம் செய்ய முடியாதல்லவா?

நமது ஊர்ச் சில்லறைக் கடைகளிற் கடனுக்குப் பொருள் வாங்குவோரின் கணக்கு இருவகையாகப் பேணப்படுவதுண்டு. ஒன்று, கடைக்காரர் தமது பேரேட்டில் எழுதிவைப்பது. மற்றையது, வாங்குபவரிடமே ஒரு கொப்பியைக் கொடுத்துவிட்டு, அவர் வரும்போதெல்லாம் அதனை வாங்கி எழுதிக் கொடுப்பது. வழங்கிச் செய்நிரலாக்கத்திற் குக்கியின் வரலாற்றை இவ்விரு முறைகளுக்கும் இடையே நிகழ்ந்த ஓர் ஊசலாட்டமாகவே கொள்ளலாம்.

நெற்ஸ்கேப் கம்பனியிடம் அக்காலத்தில் எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் ஓர் இணைய வணிகச் செயலியை எதிர்பார்த்திருந்தது. அந்நிறுவனத்தின் சார்பிற் பேசியோருள் இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவரான வின்ற் சேர்வ் அவர்களும் இருந்தார். எம்.சி.ஐ. விதித்த நிபந்தனை ஒன்று நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. அரைகுறையாக நிற்கும் கொள்வனவுகளைத் தமது வழங்கிகள் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிலை ஏற்படலாகாது என அவர்கள் கூறினர். அதாவது, பேரேட்டை எழுத அவர்கள் விரும்பவில்லை. கணக்கு வாங்குபவரின் கணினியிலேயே இருக்கவேண்டும்.

இப்பணி லூ மொன்ருலி என்ற இளைஞரிடம் வந்து சேர்ந்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிங்ஸ் என்னும் எழுத்துமுறை உலாவியை உருவாக்கியோருள் ஒருவர் அவர். அவர் முன்னே வேறு வழிகளும் இருந்தன. பக்கத்தின் முகவரியிலேயே அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம்; ஆனால் அம்முகவரியை நண்பருக்குக் கொடுத்தால் அவருடைய கூடையும் உடன் போய்விடும். வேண்டுகோள் வந்த கணினியின் இலக்கத்தைக் கொண்டு ஆளை இனங்காணலாம். ஆனால் ஓர் அலுவலகத்தவர் அனைவரும் ஒரே இலக்கத்தின் வழியாக வருதல் கூடும். மிக எளிய வழியொன்றும் இருந்தது. ஒவ்வோர் உலாவிக்கும் மாறாத இலக்கம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் எல்லா வழங்கிகளும் அதனைக் கொண்டு எவரையும் அறிந்துகொள்ளும். இதனை மொன்ருலி வேண்டாமென ஒதுக்கினார். அவ்வாறான இலக்கம் மக்களைத் தளத்துக்குத் தளம் பின்தொடர்வதற்குக் கருவியாகிவிடும் என அவர் அஞ்சியமையே காரணம். பிற்காலத்தில் அவர் ஆக்கத்தின் மீது சுமத்தப்பட்ட பழியை நோக்கும்போது இச்செய்தி மனங்கொள்ளத்தக்கது. எந்தத் தீங்கைத் தவிர்க்க அவர் குக்கியை ஆக்கினாரோ, அதே தீங்கு அதன் வழியாகவே வந்து சேர்ந்தது.

மொன்ருலி 1994 யூனில் இவ்வெண்ணத்தை எட்டினார். அவரும் ஜோன் ஜியானண்ட்ரேயாவும் முதல் விவரக்குறிப்பை எழுதினர். யுனிக்ஸ் செய்நிரலாளர் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் பொருள்விளங்காத் துண்டு ஒன்றினை 'மாயக் குக்கி' என்பர். குக்கி என்பது அமெரிக்க வழக்கில் விசுக்கோத்தினைக் குறிக்கும். அப்பெயரைத் தெரிந்தமைக்கு வலுவான காரணம் எதுவும் இல்லையென விவரக்குறிப்பே ஒப்புக்கொண்டது. பெயரிடுதலிற் கணினியியலாளர் காட்டும் அலட்சியத்துக்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது. அவ்விவரக்குறிப்பில் வரும் எடுத்துக்காட்டு வாடிக்கையாளர், கேலிச்சித்திரப் படங்களில் ஓடும் பறவையை என்றும் பிடிக்க முடியாத ஓநாயே. அவர் வாங்கும் பொருள் ஏவுகணை செலுத்தி. 1994 ஒக்ரோபர் 13ஆம் திகதி வெளியான நெற்ஸ்கேப்பின் பரீட்சார்த்தப் பதிப்பிற் குக்கி இடம்பெற்றது. ஆய்வுகூடத்துக்கு வெளியே அதன் முதற் பயன்பாடு வணிகமன்று. கம்பனியின் தளத்துக்கு வருபவர் முன்னரும் வந்தவரா என அறிவதற்கே அது பயன்பட்டது. அடுத்த ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் உலாவியும் அதனை ஏற்றுக்கொண்டது. 1998இல் இவ்வாக்கத்துக்கான அமெரிக்கப் புத்தாக்க உரிமம் வழங்கப்பட்டது.

அமைப்பு மிக எளியது. வழங்கி தனது விடையை அனுப்பும்போது, பக்கத்துக்கு முன்னே செல்லும் தலைப்பு வரிகளில் ஒன்றாக, ஒரு பெயரையும் அதற்குரிய பெறுமதியையும் எழுதி அனுப்பும். அதனுடன் காலாவதித் திகதி, எத்தளத்துக்கு உரியது, தளத்தின் எப்பகுதிக்கு உரியது, மறைகுறியாக்கப்பட்ட தொடர்பில் மாத்திரம் செல்ல வேண்டுமா என்ற விவரங்களையும் சேர்க்கலாம். உலாவி அதனைச் சேமித்து வைத்து, அதே தளத்துக்கு மீண்டும் செல்லும்போதெல்லாம் திருப்பிக் கொடுக்கும். ஒரு குக்கி 4 கிலோபைற்றுக்கு மேற்படலாகாது. ஒரு தளத்துக்கு 20, உலாவி முழுவதற்கும் 300 எனத் தொடக்க எல்லைகள் வகுக்கப்பட்டன.

வழங்கியிற் செய்நிரல் எழுதுவோருக்கு இவ்வெளிமைக்குள் சில பொறிகள் இருந்தன. தொடக்ககாலத்திற் பேர்ள் மொழியில் எழுதியோர், உலாவி அனுப்பிய குக்கிகள் அனைத்தையும் ஒரே நீண்ட சரமாகச் சூழல் மாறியொன்றிற் பெற்று, அரைப்புள்ளிகளிற் பிளந்து எடுத்துக்கொண்டனர். ராஸ்மஸ் லேர்டோர்வ் 1995 யூனில் வெளியிட்ட பி.எச்.பி. கருவிகளிலிருந்து வளர்ந்த மொழி இவ்வேலையை எளிதாக்கிற்று. எனினும் தலைப்பு வரிகள் பக்கத்துக்கு முன்னரே செல்ல வேண்டும் என்ற விதியை எந்த மொழியும் மாற்றிவிட முடியாது. பக்கத்தின் ஓர் எழுத்துச் சென்றுவிட்டாலும் பின்னர் குக்கியை அனுப்ப இயலாது. செய்நிரற் கோப்பின் தொடக்கக் குறிக்கு முன்னால் அறியாமல் விடப்பட்ட ஒரு வெற்று வரி கூடப் பக்கத்தின் பகுதியாகவே கொள்ளப்படும். இக்கட்டுரையாசிரியர் தமது முதற் செய்நிரலில் அத்தகைய வெற்று வரி ஒன்றைத் தேடி ஒரு மாலைப்பொழுதை முற்றாக இழந்தவர். தலைப்பு வரிகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன எனக் கணினி திரும்பத் திரும்பக் கூறிற்றே தவிர, யார் அனுப்பினார் என்பது விளங்கவில்லை.

இதனினும் ஆழமான உண்மைகள் இரண்டு உள. இப்போது எழுதிய குக்கியை இப்போதே வாசிக்க முடியாது. அது உலாவிக்குச் சென்று அடுத்த வேண்டுகோளுடன் திரும்பி வரவேண்டும். குக்கியை அழிப்பதற்குத் தனிக் கட்டளையும் இல்லை; கடந்துபோன ஒரு திகதியை இட்டு மீண்டும் அனுப்பினால் உலாவி தானாகவே அதனைக் கைவிடும். இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. திரும்பி வருவது பெயரும் பெறுமதியும் மாத்திரமே. காலாவதி எப்போது, அதனை எழுதியவர் யார் என்ற விவரங்கள் எவையும் உடன்வருவதில்லை. எனவே, திரும்பி வந்த கொப்பியில் உள்ளது தனது கையெழுத்தா அன்றி வாடிக்கையாளரின் கையெழுத்தா என்பதனை வழங்கி தானாக அறிய முடியாது. கூடையிலுள்ள பொருளின் விலையையே குக்கியில் எழுதியவர்களும் இருந்தனர். வாங்குபவர் தமது கணினியிலுள்ள அவ்வெண்ணை மாற்றிவிட்டால் பொருள் மலிந்துவிடும்.

கொப்பியிலுள்ள கணக்கு திருத்தப்படவில்லை என்பதனை உறுதிப்படுத்த, வழங்கி தன்னிடமுள்ள இரகசியச் சொல்லொன்றைக் கொண்டு ஒப்பமிட்டு அனுப்புவதே முறை. அதற்கான நல்ல வழி 1997 பெப்ரவரியிலேயே ஓர் இணைய ஆவணமாக வெளியிடப்பட்டிருந்தது. இருந்தும் பலர் தமக்குத் தோன்றியவாறே ஒப்பமிட்டனர். இதற்கு வோல் ஸ்ட்ரீற் ஜேர்ணல் பத்திரிகைத் தளத்தின் கதை சிறந்த எடுத்துக்காட்டாகும். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் கெவின் வூ முதலானோர் பல தளங்களின் குக்கிகளை ஆராய்ந்து 2001இற் கட்டுரை வெளியிட்டனர். தம்மைக் 'குக்கி தின்போர்' என அவர்கள் அழைத்துக்கொண்டனர்.

அப்பத்திரிகைத் தளம் சந்தாதாரரின் பெயரையும் இரகசியச் சொல்லையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, யுனிக்ஸ் முறைமையிற் கடவுச்சொற்களுக்கென அமைந்த பழைய மறைகுறிச் சார்பொன்றினுட் செலுத்தி, கிடைத்த விளைவைக் குக்கியில் இட்டது. தோற்றத்தில் இது பாதுகாப்பானதே. ஆனால் அச்சார்பு தரப்பட்ட சரத்தின் முதல் எட்டு எழுத்துகளை மாத்திரமே கருதும், எஞ்சியவற்றைப் புறக்கணித்துவிடும். எனவே பெயர் எட்டு எழுத்தாயின் இரகசியச் சொல் கணக்கிலேயே சேர்வதில்லை. ஏழெழுத்துப் பெயராயின் இரகசியச் சொல்லின் முதலெழுத்து மாத்திரம் சேரும். அவ்வெழுத்து 128இல் ஒன்றாகவே இருக்க முடியும். அதனை முயன்று கண்டபின் ஆறெழுத்துப் பெயரைக் கொண்டு இரண்டாம் எழுத்தைக் காணலாம். இவ்வாறு ஒவ்வொன்றாக ஏறிச் செல்லும்போது, பிரபஞ்சக் கணக்கிலான முயற்சிகள் வேண்டியிருந்த இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் முயற்சிகள் போதுமாயின. வெளிவந்த இரகசியச் சொல் 'மார்ச்20' என்பது. அதனை அறிந்தவர் எந்தச் சந்தாதாரரின் பெயராலும் குக்கியொன்றைத் தாமே எழுதிக்கொள்ளலாம். மறைகுறியியலை அறியாதவர்கள் அதனைச் செய்தார்கள் எனக் கூறிவிடுவது எளிது. சார்பின் கைந்நூலை முழுதாக வாசிக்காதவர்கள் செய்தார்கள் என்பதே பொருத்தமான கூற்றாகும்.

இத்தகைய அனுபவங்களினாற் செய்நிரலாளர் கொப்பியைக் கைவிட்டுப் பேரேட்டுக்கு மீண்டனர். 1996 இறுதியில் வெளிவந்த மைக்ரோசொவ்ற்றின் வழங்கிச் செயலமைப்பு, அதனையடுத்து ஜாவா மொழியின் வழங்கிக் கூறுகள், 2000 மேயில் வெளிவந்த பி.எச்.பி. நான்காம் பதிப்பு ஆகியவை யாவும் ஒரே முறையைக் கைக்கொண்டன. வருபவருக்கு ஊகிக்க முடியாத நீண்ட இலக்கமொன்று குக்கி மூலம் வழங்கப்படும். அவருடைய கூடை, பெயர், உரிமைகள் யாவும் வழங்கியிலுள்ள கோப்பொன்றில் அவ்விலக்கத்தின் கீழ் எழுதப்படும். நூலக வாயிலிற் பையை ஒப்படைப்பவருக்கு ஒரு தகடு தரப்படுவது போன்றதே இது. தகட்டில் இலக்கமன்றி வேறெதுவும் இல்லை. எம்.சி.ஐ. வேண்டாமெனக் கூறிய பேரேடு ஆறே ஆண்டுகளிற் பொதுவழக்காயிற்று என்பது வரலாற்றின் ஒரு முரண்.

எம்.சி.ஐ.யின் அச்சம் ஆதாரமற்றதாகவும் இருக்கவில்லை. ஒரு தளத்துக்குப் பத்து வழங்கிகள் தேவைப்பட்டபோது, முதலாவது வழங்கியில் எழுதப்பட்ட பேரேட்டை ஐந்தாவது வழங்கி அறியாது. தகட்டுடன் வந்தவர் தமது பை எங்கேயெனக் கேட்க வேண்டியதாயிற்று. பேரேட்டைப் பொதுத் தரவுத்தளத்தில் வைத்தல், ஒருவரை எப்போதும் ஒரே வழங்கிக்கே அனுப்புதல் என்ற பரிகாரங்கள் தோன்றின. 2007 டிசம்பரில் ரெயில்ஸ் என்ற செயலமைப்பின் இரண்டாம் பதிப்பு, ஒப்பமிட்ட கொப்பியையே மீண்டும் இயல்புமுறையாக்கிற்று. இம்முறை ஒப்பம் முறையாக இடப்பட்டது. ஊசல் இன்றும் ஓய்ந்துவிடவில்லை.

இதுவரை கூறியவை கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடைப்பட்டவை. பொதுமக்களிடையே எழுந்த பிணக்கு மூன்றாமவர் ஒருவர் பற்றியது. வலைப்பக்கமொன்றிலுள்ள படங்கள் அதே வழங்கியிலிருந்துதான் வரவேண்டுமென்பதில்லை. விளம்பரப் படம் விளம்பரக் கம்பனியின் வழங்கியிலிருந்து வரலாம். அப்படத்தைக் கேட்கும்போது உலாவி அக்கம்பனியின் குக்கியையும் ஒப்படைக்கும். எப்பக்கத்திலிருந்து கேட்கிறது என்பதனையும் தெரிவிக்கும். ஆயிரம் தளங்களில் ஒரே கம்பனியின் படம் இருப்பின், அக்கம்பனி ஆயிரம் தளங்களிலும் அதே மனிதரைக் கண்டுகொள்ளும். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையினுள்ளும் ஒரே அந்நியர் நின்று, நாம் நுழையுந்தோறும் தமக்கென நம்மிடம் தந்துவைத்த கொப்பியை வாங்கிப் பார்த்துக் கொடுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். ஓர் உலாவிக்கு ஓர் இலக்கம் என்ற, மொன்ருலி ஒதுக்கிய ஏற்பாடு இவ்வாறு பின்வாயிலால் நுழைந்தது.

1996 பெப்ரவரி 12ஆம் திகதி இலண்டன் பைனான்சியல் ரைம்ஸ் வெளியிட்ட கட்டுரையொன்றின் மூலமே, தமது கணினியில் இத்தகைய குறிப்புகள் எழுதப்படுகின்றன என்பதனைப் பொதுமக்கள் பரவலாக அறிந்தனர். அதுவரை ஓராண்டுக்கு மேலாக அவை எவ்வித அறிவித்தலும் இன்றி எழுதப்பட்டு வந்தன. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1996இலும் 1997இலும் இது பற்றிய விசாரணை அமர்வுகளை நடத்தியது.

ஆயினும் தொழினுட்பவியலாளர் பொதுமக்களுக்கு முன்னரே விழித்திருந்தனர் என்பதனைக் குறிப்பிடல் வேண்டும். இணையப் பொறியியற் பணிக்குழுவில் 1995 முதல் இப்பொருள் ஆராயப்பட்டது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்ரோல் இதற்கான செயற்குழுவை வழிநடத்தினார். நிலை பேணுதற்குத் தாமே வேறொரு முறையை முன்வைத்திருந்த அவர், நெற்ஸ்கேப்பின் முறை ஏற்கெனவே பரவிவிட்டமையால் அதனையே அடிப்படையாகக் கொள்ள இணங்கினார். 1997 பெப்ரவரியில் கிறிஸ்ரோலும் மொன்ருலியும் எழுதிய ஆர்.எப்.சி. 2109 என்ற நியமம் வெளிவந்தது. பாவனையாளர் தாமாகத் தெரிந்து செல்லாத மூன்றாந் தரப்பு வழங்கிகளுடன் குக்கிகளைப் பரிமாறலாகாது என்றும், அதற்கு இடமளிக்கும் தெரிவை உலாவி வழங்குவதாயின் இயல்புநிலையில் அது மூடப்பட்டிருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. விதி தெளிவானது, அதனை எழுதியவர்களுள் ஒருவர் குக்கியை ஆக்கியவரே.

இரண்டு பெரிய உலாவிகளும் அதனைப் பின்பற்றவில்லை. அதற்குள் விளம்பரக் கம்பனிகள் மூன்றாந் தரப்புக் குக்கியை நம்பி முதலிட்டுவிட்டன. அவை விதியைக் கடுமையாக எதிர்த்தன. நியமங்களை வகுக்கும் குழுவிடம் எழுதுகோல் இருந்ததேயன்றிச் செங்கோல் இருக்கவில்லை. விரும்பாதவர் அமைப்பை மாற்றிக்கொள்ளலாமே என உலாவிக் கம்பனிகள் கூற முடிந்தது. ஆனால் அமைப்பு மாற்றும் பக்கம் எங்குள்ளது என்பதனை அறிந்தோர் தொகை எத்தன்மையது என்பது சொல்லாமலே விளங்கும். இயல்புநிலையாக விடப்பட்டதே பெரும்பான்மையோரின் நிலையாயிற்று. 2000 ஒக்ரோபரில் வெளிவந்த இரண்டாவது நியமமும் அதே விதியைக் கூறிற்று. அதுவும் ஏட்டளவில் நின்றது. 2011 ஏப்பிரலில் ஆடம் பார்த் எழுதிய மூன்றாவது நியமம், நடைமுறையில் உள்ளவற்றைப் பதிவுசெய்து, மூன்றாந் தரப்புப் பற்றிய முடிவை உலாவிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இதனைத் தோல்வி எனக் கூறுவோர் உளர். உண்மையை ஒப்புக்கொண்டமை என்றே நான் கருதுகிறேன். நடைமுறைக்கு வராத விதியை நம்பிச் செய்நிரல் எழுதியோர் அதுவரை தடுமாறியிருந்தனர்.

அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்தது யாதெனில், டபிள்கிளிக் என்ற விளம்பரக் கம்பனி 1999இல் அபாக்கஸ் டிரெக்ற் என்னும் நிறுவனத்தை வாங்கியமையாகும். அஞ்சல்வழி வாங்குவோரின் பெயர், முகவரி, கொள்வனவு விவரங்கள் அந்நிறுவனத்திடம் இருந்தன. அதுகாறும் குக்கியிலுள்ள இலக்கத்துக்குப் பெயர் இருக்கவில்லை. இலக்கத்தைப் பெயருடன் இணைக்கும் திட்டம் வெளிப்பட்டதும் பெருங்கண்டனம் எழுந்தது. 2000 மார்ச்சில் கம்பனித் தலைவர் தாம் தவறிழைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டு திட்டத்தை நிறுத்தினார். ஆயினும் பாவனையாளர் தொடுத்த வழக்கினை நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்று 2001 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. விளம்பரத்தை இடமளித்து ஏற்ற தளங்களின் சம்மதம் உண்டு என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. வாசகரின் சம்மதம் அங்கே கேள்வியாகவில்லை. 2008இற் கூகிள் நிறுவனம் டபிள்கிளிக்கை 310 கோடி டொலருக்கு வாங்கி முடித்தது.

ஐரோப்பா சட்டவழியைத் தெரிந்தது. 2002ஆம் ஆண்டின் பணிப்புரை 2009இல் திருத்தப்பட்டபோது, குக்கியை எழுதுமுன் சம்மதம் பெறவேண்டும் என்ற விதி வந்தது. அதன் பயனாகத் தோன்றியவையே இன்று ஒவ்வொரு தளத்திலும் நம்மை மறிக்கும் அறிவித்தற் பலகைகள். முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி சம்மதமாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்ரோபர் 1ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஓர் அழுத்தமும் மறுப்பதற்குப் பல அழுத்தங்களும் வைத்தமைக்காகப் பிரான்சின் கட்டுப்பாட்டு நிறுவனம் கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக 2022 யனவரியில் அறிவித்தது. நுணுகி நோக்கின் இவையிரண்டும் இயல்புநிலை பற்றிய வழக்குகளே.

இயல்புநிலையின் வலிமையை இன்னொரு திசையிலும் காணலாம். மறைகுறியாக்கப்பட்ட தொடர்பில் மாத்திரம் குக்கியை அனுப்புக என்ற அடையாளம் 1994ஆம் ஆண்டின் விவரக்குறிப்பிலேயே இருந்ததெனக் கண்டோம். அதனை இடுவது செய்நிரலாளரின் விருப்பம். பெருந்தளங்கள் பல இடவில்லை. 2010 ஒக்ரோபரில் எரிக் பட்லர் என்பவர் வெளியிட்ட பயர்சீப் என்ற சிறு செயலி, பொது இடங்களிலுள்ள கம்பியில்லா வலையமைப்பிற் பறந்து செல்லும் குக்கிகளைப் பிடித்து, ஓர் அழுத்தத்திற் பிறருடைய கணக்கினுள் நுழைய வழி செய்தது. தகட்டைப் பெற்றவரே பைக்கு உரியவர் என்பது வழங்கியின் நம்பிக்கையாதலால், வழங்கி அதனைத் தடுக்க இயலவில்லை. இக்குறைபாடு வல்லுநர் அறிந்த பழைய செய்தி; எவரும் கையாளத்தக்க கருவியாக அது மாறியபின்னரே தளங்கள் அசைந்தன. சில மாதங்களுள், 2011 யனவரியில், பேஸ்புக் முழுநேர மறைகுறித் தொடர்பினை ஒரு தெரிவாக வழங்கிற்று. பிறதளத்திலிருந்து தூண்டப்படும் வேண்டுகோளுடன் குக்கி செல்லாதவாறு தடுக்கும் மற்றோர் அடையாளம் 2016இற் குரோம் உலாவியில் அறிமுகமாயிற்று. அதனையும் இட்டோர் குறைவு. 2020 பெப்ரவரியில், இடாதவிடத்தும் இட்டதாகவே கொள்வோம் எனக் குரோம் மாற்றியபின், உலகெங்குமுள்ள வழங்கிச் செய்நிரல்கள் ஒரே பருவத்தில் திருத்தப்பட்டன.

மூன்றாந் தரப்புக் குக்கியின் பிற்கால வரலாறும் இவ்வாறானதே. ஆப்பிள் நிறுவனத்தின் சபாரி 2003இல் வெளிவந்த காலந்தொட்டு அதனை இயல்பாகக் கட்டுப்படுத்தியது. 2020 மார்ச்சில் முற்றாகத் தடுத்தது. பயர்பொக்ஸ் 2019 செப்ரெம்பரிற் பின்தொடரும் குக்கிகளை எல்லாப் பாவனையாளருக்கும் இயல்பாகத் தடுத்தது. இவ்விரண்டு நிறுவனங்களும் விளம்பரத்தை முதன்மைத் தொழிலாகக் கொண்டிராதவை என்பதனை மறத்தலாகாது. விளம்பரத்தால் வாழும் கூகிள், 2020 யனவரியில், இரண்டு ஆண்டுகளுக்குள் குரோமிலிருந்து மூன்றாந் தரப்புக் குக்கியை அகற்றுவதாக அறிவித்தது. 2021இலும் 2022இலும் 2024 ஏப்பிரலிலும் தவணை தள்ளிப்போடப்பட்டது. 2024 யூலையில் அகற்றும் எண்ணமே கைவிடப்பட்டு, பாவனையாளரிடம் கேட்கப்படும் எனக் கூறப்பட்டது. 2025 ஏப்பிரலில், அவ்வாறு கேட்பதற்கான தனி அறிவித்தலும் வழங்கப்படாது, வேண்டியவர் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று தாமே மாற்றிக்கொள்ளலாம் என அந்நிறுவனம் தெரிவித்தது. 1997இல் நெற்ஸ்கேப்பும் மைக்ரோசொவ்ற்றும் கூறிய விடையும் அதுவே.